டம்ளர் விழுவதற்கு முன்

1

டமார்.

இந்தக் கதை இப்படித்தான் என் காதில் விழுந்தது. நிஜமாகவே காதில்தான். கீழ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் தரையில் விழுந்து, உருண்டு, எதிலோ முட்டி நின்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் அசையவில்லை. அந்த டம்ளர் விழுவதை அவள் அதற்குள் எத்தனையோ முறை கேட்டிருந்தாள்.

"விழுந்துச்சா சார்?"

"விழுந்துச்சு."

"அதுக்கு முன்னாடி என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கலையே."

"அந்த ஒண்ணும் கேக்காததுதான் சார் விஷயமே."

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். இப்படி ஒரு வரி காதில் விழுந்தால் மூக்கில் வேர்த்துவிடும். அன்றைக்கே மாடிக்குப் போய் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'அந்தப் பெண்ணின் கண்களில் ஒரு கனவு...' (அடித்துவிட்டேன். அவள் கண்ணில் இருந்தது தூக்கம் இல்லாத சிவப்பு.)

இரண்டாவது: 'மொழியியல் என்பது மொழியை அறிவியல் முறைப்படி ஆராய்கிற...' (நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். நானே புரட்டிவிட்டேன்.)

மூன்றாவது டமார். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

2

இனி நான் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன். கதை அவளுடையது.

வீட்டில் அவளுக்கு டேப்பு என்று பெயர். சின்ன வயதில் காதில் விழுந்ததையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லுவாள். அம்மா இருந்த காலத்தில், வந்திருந்த விருந்தாளியிடம் போய், "போன தடவை நீங்க போனதும் எங்கம்மா, 'அப்பாடா, ஒழிஞ்சாரு'ன்னாங்க" என்று ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக் காட்டினாள். அன்றைக்கு அப்பா வைத்த பெயர்.

அந்தக் காதே அவளை மொழியியல் படிக்க வைத்தது. முதுகலை முடித்தாள். அதற்குப் பிறகு என்ன என்றுதான் யாருக்கும் தெரியவில்லை, அவளையும் சேர்த்து. யார் யாரோ நடத்திய கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து தரும் வேலையை வீட்டிலிருந்தே பார்த்தாள். மற்றவர்கள் காலையில் ராசிபலன் பார்க்கிற மாதிரி, மொழியியல் வேலைகளும் உதவித்தொகையோடு படிக்கும் இடங்களும் பட்டியல் போட்டு வரும் ஓர் இணையப் பக்கத்தை அவள் பார்ப்பாள். ஆய்வு உதவியாளர், ஒரு வருடம் மட்டும். விரிவுரையாளர், ஐந்து வருட அனுபவம் தேவை. முனைவர் பட்ட இடம், உதவித்தொகை கிடையாது.

"உதவித்தொகை கிடையாதுன்னா அப்புறம் எதுக்கு விளம்பரம்?" என்பாள் அக்கா.

விண்ணப்பித்த இடங்களிலிருந்தெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: இந்த ஆண்டு விண்ணப்பங்களின் தரம் வழக்கத்தைவிட உயர்வாக இருந்ததால் வருந்துகிறோம்.

"வருஷா வருஷம் உசந்துக்கிட்டே போகுதே, எங்கதான் போய் நிக்கும் அது?" என்பார் அப்பா.

பிறகு ஒருநாள் அந்த விளம்பரம் வந்தது. கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகம். குடும்பங்கள் வீட்டுக்குள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதைப் பேச்சுப் பதிவுகளை வைத்து ஆராயும் திட்டம். நாலு வருடம், முழு உதவித்தொகை, ஒரே ஓர் இடம். விண்ணப்பிக்கிறவர் தன் வீட்டுப் பேச்சையே பதிவு செய்து, எழுத்தில் படியெடுத்து, அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும்.

அவளுக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருந்தது. போட்டுக்கொண்டு வெளியே போவதில்தான் சிக்கல்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பும் முழங்காலும் போய்விட்டன. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க ஒரு தோள் வேண்டும். வாய் மட்டும் இன்னும் டாப் கியரில் ஓடுகிறது. அக்கா பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்தக் கூடத்துக்கே பொறுப்பாளராக்கி ரொம்ப நாளாகவில்லை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். ஆக, பகல் முழுக்க அப்பாவுக்குத் தோள் டேப்புதான். அவள் போய்விட்டால் அக்கா வேலையை விட வேண்டிவரும். அல்லது யாரோ ஒரு ஆளை வீட்டுக்குள் விட வேண்டும். இது மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாயால் சொல்லவில்லை.

3

அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் போனை மேசை நடுவில் வைத்துப் பதிவை ஓடவிட்டாள். முதலில் அப்பா மேடையில் பேசுகிற மாதிரி பேசினார். சோறு உள்ளே போகப் போக மறந்துவிட்டார். (மறக்கிற வரைக்கும் காத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடமாம்.)

டேப்பு முதலில் சாப்பிட்டு எழுந்தாள். மூலையில் இருந்த குழாயடிக்குப் போய், சுவரைப் பார்த்துக் கை கழுவியபடியே கேட்டாள். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாது என்று முன்பே முடிவு செய்திருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பதற்கு ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். படியெடுத்ததில் அந்த இடம் இப்படி இருந்தது:

டேப்பு: அந்த இடம் கிடைச்சா நான் போகட்டுமா?
(மௌனம்)
(டம்ளர் விழும் சத்தம்)
அக்கா: போயேன். யாரு வேணாம்னா?

சத்தம் கேட்டுத் திரும்பியபோது, அக்கா குனிந்து தரையில் கொட்டிய தண்ணீரைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

நான் உள்ளே நுழைந்தது இந்த இடத்தில். ஒரு காது கேட்டு எழுதியதை இன்னொரு காது தனியாகக் கேட்டு எழுதிச் சரிபார்க்க வேண்டுமாம். "நீங்கதான் சார் வாரா வாரம் வசனம் எழுதறீங்க" என்று மாடியேறி வந்து கூப்பிட்டாள். நான் பெருமையோடு இறங்கிப் போய், மௌனம் வந்த இடத்தில் வரிசையாகப் புள்ளி வைத்தேன்.

"என்ன சார் இது, எறும்பு ஊர்ற மாதிரி?"

"மௌனம்மா. பத்திரிகையில இப்படித்தான் போடுவோம்."

"எத்தனை புள்ளி?"

"வரி முடியற வரைக்கும்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். "ஒருத்தரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க சார். வர்றவங்க நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள 'வரேன்'னுடுவாங்க. வராதவங்கதான் கொஞ்சம் நிறுத்தி, 'இல்ல, வந்து, பாக்கறேன்'னு இழுப்பாங்க. சம்மதம் ஓடி வரும். மறுப்புதான் செருப்பைத் தேடிக்கிட்டு நிக்கும்."

"இது எவ்வளவு நேரம்?"

"ரெண்டு விநாடிக்கு மேல."

"ரெண்டு விநாடி ஒரு நேரமா?"

"சரி, உங்களுக்கு என்ன தெரியணுமோ என்கிட்ட கேளுங்க."

"இப்ப நான் எழுதிக்கிட்டிருக்கற தொடர் எப்படி இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு விரலை மடக்கினாள். இன்னொரு விரலை மடக்கினாள். "நல்லா இருக்கு சார்" என்றாள்.

இரண்டு விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.*

(* அந்தத் தொடர் அடுத்த மாதமே நின்றுபோனது. அது வேறு கதை.)

இந்தக் கணக்கை வைத்துத்தான் அவள் அந்த இரண்டு பக்கத்தை எழுதினாள். கடைசி வரி இது: 'அக்காவின் பதில் சொல்லளவில் சம்மதம், உள்ளபடி மறுப்பு, அதிர்ச்சியில் கை நழுவிய டம்ளரே சாட்சி.'

அனுப்பிய கொஞ்ச நாளில் பதில் வந்தது. அந்த மௌனத்தை அவள் படித்த விதம் பிடித்திருந்ததாகப் பேராசிரியர் எழுதியிருந்தார். கடைசிக் கட்ட நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள்.

முடிச்சைப் பார்த்தீர்களா? அவள் எழுதியது சரி என்றால் இடம் கிடைக்கும். ஆனால் அது சரி என்றால், அவள் போவதில் அக்காவுக்கு இஷ்டமில்லை. இவ்வளவு இறுக்கமான முடிச்சை என் சொந்த மூளையால் இதுவரை போட்டதில்லை.

4

இந்தக் கதையில் என்னைப் படுத்தி எடுத்தது அக்கா.

'தங்கைக்காகத் தன் வாழ்வையே...' (வேண்டாம். அவள் படித்தால் என்னை மாடியிலிருந்து தள்ளிவிடுவாள்.)

'அக்காவின் மனசுக்குள் பொறாமை ஒரு பாம்பாக...' (பாம்பையும் விரட்டிவிட்டேன்.)

'அன்று மாலை அவள் தனியாக உட்கார்ந்து...' (உட்கார அவளுக்கு ஏது நேரம்?)

பத்திரிகை ஆசிரியரிடம் போனில் பாதிக் கதையைச் சொன்னேன். "அக்கா கதறி அழற மாதிரி ஒரு சீன் வைங்க சார், தூக்கிடும்" என்றார். எழுதியும் பார்த்தேன். அரைப் பக்கம் கதறினாள். ஆனால் அது என் கீழ் வீட்டு அக்கா இல்லை. அவள் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். எனக்கே ஒருநாள் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "கீழ்வரிசை ஆடுது சார், காட்டிடுங்க" என்றாள். அப்படிப்பட்டவளை எதற்கு அழவைக்க வேண்டும்?

நல்லவளா, கெட்டவளா என்று எனக்குத்தான் சந்தேகம். டேப்புவுக்குச் சந்தேகமே இல்லை. அந்த இரண்டு பக்கத்தை எழுதியதிலிருந்து அக்கா எதைச் செய்தாலும் அதில் ஒரு 'போகாதே' கேட்டது. அக்கா கதவைச் சாத்தினால் போகாதே. பேசாமல் சாப்பிட்டால் போகாதே. நேர்காணல் கடிதம் வந்த வாரம் அக்கா எங்கிருந்தோ ஒரு வாக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"இதைப் பிடிச்சு நடங்க."

"நான் என்ன குழந்தையா, நடைவண்டி ஓட்ட?"

"பஸ்ஸே ஓட்டினீங்க. இதுக்கு லைசென்ஸ்கூட வேணாம்."

தினமும் பொழுது சாய்ந்து வந்ததும், கைப்பையைக்கூட இறக்காமல், கூடத்துக்கும் குளியலறைக்குமாக அவரை நடக்க வைத்தாள். அவர் திட்டிக்கொண்டே நடந்தார். டேப்பு அறைக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டாள். 'இவரை எப்படிச் சமாளிக்கறதுன்னு பாத்துக்கோ. இதை என் தலையில கட்டிட்டுப் போகப் போறியா?' என்று அக்கா குத்திக் காட்டுவதாகவே அவளுக்குப் பட்டது.

இடம் கிடைத்தாலும் வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று என்னிடம் கேட்டாள். நேர்காணலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நான் எழுத்தாளன், அறிவுரை சொல்லும் ஆள் இல்லை என்று தப்பித்துக்கொண்டேன்.

5

பல்கலைக்கழகத்தில் ஒரு விதி. பதிவில் குரல் இருக்கிற ஒவ்வொருவரும், நேர்காணலுக்கு முன்னால் அதை முழுசாகக் கேட்டுவிட்டு, சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதையும் பதிவு செய்து வைக்க வேண்டும். முதலில் 'பதிவு செஞ்சுக்கோ' என்று சொன்னது கணக்கில் வராது. கேட்ட பிறகு சொல்வதுதான் கணக்கு. ஒருவர் மறுத்தாலும் அந்தப் பதிவு செல்லாது. பதிவு செல்லாதென்றால் நேர்காணலும் இல்லை.

டேப்பு இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். அந்த மௌனத்தை அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்து கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை. கடைசியில் நேர்காணல் நாளே வந்துவிட்டது. மாலை நாலு மணிக்கு லேப்டாப்பில் கூப்பிடுவார்கள். மூன்றரைக்கு, அரை நாள் லீவு போட்டு வந்திருந்த அக்காவையும் சேர்த்து எங்களை மேசையைச் சுற்றி உட்கார வைத்தாள். நான் இரண்டாவது காது, அதனால் சாட்சி.

பதிவு ஓடியது.

"என் குரல் இவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்றார் அப்பா.

"இன்னும் கேவலம். மெஷின் கொஞ்சம் நல்லா காட்டுது" என்றாள் அக்கா.

அப்பா என்னைப் பார்த்தார். என் தொழிலை வைத்து அவர் எனக்கு வைத்த பெயர் 'தொடரும்'. "பாத்துக்கோங்க தொடரும் சார், இதையும் எழுதுங்க" என்றார்.

பதிவில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். டேப்புவின் குரல்: நான் போகட்டுமா? பிறகு ஒன்றுமில்லை. அப்பா சிரிப்பதை நிறுத்தினார். அக்கா தன் விரல் நகங்களைப் பார்த்தாள். டமார். போயேன். யாரு வேணாம்னா?

டேப்பு அதை நிறுத்திவிட்டு, போனில் புதிய பதிவை ஓடவிட்டாள். "அக்கா, சம்மதமா?"

"சம்மதம்."

கேட்டு முடிப்பதற்குள் வந்த பதில். டேப்பு அப்பா பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அக்கா கேட்டாள்: "ஆமா, இதை வச்சு என்ன எழுதின?"

"பெருசா ஒண்ணுமில்லக்கா."

"ரெண்டு பக்கம் எழுதினேன்னு சொன்ன."

"அதெல்லாம் எங்க ஆளுங்க பாஷை. போரடிக்கும்."

"அடிக்கட்டும். படி."

எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று விதியில் இல்லை. டேப்பு என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் திறந்து படித்தாள். ஆரம்பத்தில் வேகமாகப் படித்தாள். கடைசி வரிக்கு வரும்போது குரல் இறங்கி, 'சாட்சி' என்ற சொல் பாதிதான் கேட்டது.

"அப்ப நான் வாயில ஒண்ணு, மனசுல ஒண்ணு வச்சிருந்தேன்னு எழுதியிருக்க."

"உன்னைத் தப்பா எழுதலக்கா. எல்லாரும் அப்படித்தான்னு..."

"டம்ளரை நான்தான் போட்டேன்னு."

"ஆமா."

"இதைப் படிச்சுட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டாங்க?"

"ஆமாக்கா."

அக்கா ஒரு கணம் அப்பாவைப் பார்த்தாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

"சரி. எழுதினது எழுதினபடி இருக்கட்டும். மணியாகுது. போய் தலையை வாரு."

(இந்த இடத்தில் 'அவள் கண்ணில் நீர் தளும்பியது' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவள் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதுகைப் பார்த்து என்ன சொல்ல முடியும்?)

6

முடிவுக்கு வந்துவிட்டோம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள்.

இந்தக் கதையை எழுத நானும் சம்மதம் வாங்கினேன். விதி என்றால் எல்லோருக்கும் விதிதான். மாடியிலிருந்து தாள்களைக் கொண்டுவந்து மூன்று பேர் முன்னாலும் படித்துக் காட்டினேன். மூன்று பேரும் வாய்விட்டுச் சரி என்றார்கள். ஆனால் ஒரு வரி வரைக்கும்தான். அதற்கு மேல் நடந்தது அவர்கள் வீட்டு விஷயம் என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்த நேர்காணல் அழைப்பை டேப்பு எடுத்தாளா, எடுத்திருந்தால் என்ன பேசினாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். எழுதியது எழுதியபடி இருக்கட்டும் என்று அவள் சாமர்த்தியமாகப் பேசியிருக்கலாம். எழுதியதை அவர்கள் முன்னாலேயே தப்பு என்று சொல்லியிருக்கலாம். அடிக்கிற லேப்டாப்பை மூடிவிட்டு அக்கா பக்கத்தில் போய் நின்றிருக்கலாம். பத்திரிகை ஆசிரியருக்கு இதில் எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு எது பிடிக்கும் என்று தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எழுதக்கூடிய கடைசிப் பகுதி இது.

"அப்பா, நீங்க சொல்லணும்" என்றாள் டேப்பு. "சம்மதமா?"

வாயை மூடத் தெரியாத மனிதர் பேசாமல் இருந்தார். மேசையில் போன் அதையும் பதிவு செய்துகொண்டிருந்தது. டேப்புவின் முகம் வெளிறியது. மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

லேப்டாப் அடிக்க ஆரம்பித்தது. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர்கள் முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டார்கள்.

"அப்பா. ப்ளீஸ்."

அக்கா திரும்பாமலே சொன்னாள். "சரின்னு சொல்லுங்கப்பா. அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. மேசையைப் பிடித்துக்கொண்டு, யார் தோளும் இல்லாமல், மெதுவாக எழுந்து நின்றார். லேப்டாப் விடாமல் அடித்தது. அவர் சின்னவளைப் பார்த்துச் சொன்னார்:

"அன்னிக்கு உங்கக்கா யோசிச்சுக்கிட்டு நிக்கலம்மா, 'போகாதே'ன்னு சொல்ல வந்த என் வாயைப் பொத்திக்கிட்டிருந்தா, அந்தக் கையைத் தள்ளிவிடப் போய்த்தான் நான் டம்ளரைத் தட்டிவிட்டேன்."